வாய் படாத கொம்பு

நேற்றுப் பல் வைத்தியர் என் கடைவாய்ப் பல்லைக் குடையத் தொடங்கியதும் அந்த மணம் வந்தது. கொம்பை அறுக்கும்போது வரும் மணம். தலைமயிர் கருகுவதும் பழைய எலும்பு தூளாவதும் சேர்ந்த மணம். வாய் மரத்துப் போயிருந்தது, மூக்கு மரக்கவில்லை. கண்ணை மூடினால் உங்கள் பழைய புட்ஸ்கிரே வீட்டின் பின்வளவில் நான் அரத்தோடு குந்தியிருக்கிறேன். நீங்கள் குசினி யன்னலைத் திறந்து கத்துகிறீர்கள்.

"டேய், உந்த நாத்தத்தை நிப்பாட்டு! மனிசி திரும்பவும் சத்தி எடுக்கிறாள்!"

பல் வைத்தியரிடம் வேலை செய்யும் பெண், கொப்பளிக்கும்படி கடதாசிக் கோப்பையை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் மரத்த கிழவன் சிரித்தால் எச்சில்தான் வடியும். வடிந்தது. அவள் துடைத்துவிட்டாள், முகத்தைச் சுளிக்காமல். அதைக் கவனித்தேன். இந்த விஷயத்தில் என் கண் எப்போதும் கூர்மையானது.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். ஆம், நானே எழுதுகிறேன். இந்த வரி வரைக்கும் வர ஒரு காலைப் பொழுது போய்விட்டது. 'ஞ' வந்தால் பேனையை வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறேன். எழுதி முடித்த எழுத்தைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்க்கிறேன். எழுபது கடந்த பிறகு ஒருவனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கிரெய்கிபர்னில் உங்கள் மகள் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ் வகுப்பில் முன்வாங்குகளில் ஆறு வயதுப் பிள்ளைகள், கடைசி வாங்கில் நான். போன கிழமை ஒரு சின்னவள் என் கொப்பியை எட்டிப் பார்த்து, "அங்கிள், உங்கட 'ழ' இஸ் ஃபோலிங் ஓவர்" என்றாள். விழட்டும் பிள்ளை, பிறகு எழும்பும் என்றேன்.

முந்தி என் கடிதங்களை எல்லாம் நீங்கள்தான் எழுதினீர்கள். பேனையைத் திறந்து "சொல்லு" என்பீர்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை நான் உங்களுக்குச் சொல்வேன். சில விஷயங்களை உங்களுக்குச் சொல்ல முடியாது. அதனால் அவை அம்மாவுக்கும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கிழமை உங்கள் மகள் கொடுத்த வேலை, இப்போது இல்லாத ஒருவருக்கு ஒரு கடிதம். "உங்களுக்குப் பிடிச்ச ஆருக்கும் எழுதுங்கோ அங்கிள், நான் திருத்தித் தாறன்" என்றாள். பிடித்தவருக்குத்தான் எழுத வேண்டும் என்றால் உங்களுக்கு எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பல் வைத்தியர் அந்த யோசனையை முடித்து வைத்தார்.

நாம் சந்தித்த கதையை நீங்கள் பலருக்கும் சொல்லியிருக்கிறீர்கள். புட்ஸ்கிரே சந்தையில் பச்சை மிளகாய் கிடைக்காமல் நான் தமிழில் ஏசிக்கொண்டு நிற்க, நீங்கள் பின்னால் வந்து தோளைப் பிடித்தீர்கள். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் தமிழில் ஏசுகிற ஒருவனைக் கண்டால் யாரும் தோளைப் பிடிக்கத்தான் செய்வார்கள். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பைகளை மேசையில் வைத்தீர்கள். கதையை நீங்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுவீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

"ஊரில எவடம்?" என்று கேட்டீர்கள்.

சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்தது. அது உங்கள் தாயாரின் ஊர்.

"அங்க ஆற்ற மகன்?"

அதையும் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு முன் கப்பலில் வேலை செய்த ஒன்பது வருடமும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காததால் பொய் எதுவும் தயாராக இருக்கவில்லை. என் அம்மா உங்கள் தாய்மாமனின் தோட்டத்தில் வெங்காயம் நட்டவர். உங்களுக்கு அது உடனே விளங்கியது.

மேசையில் இருந்த ஒரு கோப்பையை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தீர்கள். கீழ்த்தட்டில் தேடி, நீல விளிம்பு வைத்த ஓர் எனாமல் குவளையை எடுத்தீர்கள். தேத்தண்ணி நன்றாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நல்ல சாயம், அளவான சீனி. ஆனால் விழுங்கும்போது எனக்கு அருவருத்தது. உங்களைப் பார்த்து அருவருத்தது. அதைக் குடித்து முடித்த என்னைப் பார்த்து அதைவிட அருவருத்தது.

பின்பக்க அறையை எனக்கு வாடகைக்கு விட்டீர்கள். குவளை குசினிக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கியது. ஏன் வேறு இடம் தேடவில்லை என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். சோறு, தமிழ், கடிதம். இந்த மூன்றுக்காகவும் இருந்தேன். உங்கள் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் எனக்குச் சோற்றைத் தனித் தட்டில் போட்டு வாசற்படியில் வைப்பார், ஆனால் கறியில் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

நான் மாடு அடிக்கும் தொழிற்சாலையில் கொம்பும் குளம்பும் ஒதுக்கும் பகுதியில் வேலை செய்தேன். கொம்புகளை அவர்கள் எறிவார்கள். நான் நல்லதாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். கப்பலில் ஒரு கிழட்டு மாலுமி கொம்பில் சீப்புச் செய்வதைப் பார்த்திருந்தேன். எனக்குக் கை சும்மா இருக்காது. கொம்புக்குள் ஓர் எலும்பு இருக்கும். அதை எடுக்கத் தண்ணீர் பீப்பாயில் இரண்டு மூன்று கிழமை ஊறவிட வேண்டும். உள்ளே உள்ளதெல்லாம் அழுகி, எலும்பு தானாகக் கழன்று வரும். பீப்பாயின் மூடியைத் திறந்தால் தண்ணீர் தெரியாது, மேலே மஞ்சள் ஆடையும் நெளிகிற புழுவும்தான். அந்த நாற்றம் நாக்கில் ஒட்டும். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண் தன் கொடியில் காய்ந்த உடுப்பை எல்லாம் திரும்பத் தோய்த்தாள். அக்காவுக்கு அப்போது நாலாம் மாதம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மனிசிக்கு அது நரகம்.

ஆனால் கொம்பைச் சூடாக்கி, இரும்புத் தகடுகளுக்கிடையில் நெரித்துத் தட்டையாக்கி, பல் வெட்டி, சாம்பலாலும் தேங்காய் எண்ணெயாலும் தேய்த்து எடுத்தால் மணமே இருக்காது. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மேகம் ஓடும். நீங்கள் ஒரு நாள் ஒன்றைக் கைலேஞ்சித் துணியால் பிடித்துத் தூக்கி யன்னலில் வைத்துப் பார்த்தீர்கள்.

"அந்தப் பீப்பாய்க்குள்ள கிடந்த சாமான் எண்டு ஆரும் நம்பமாட்டினம்" என்றீர்கள்.

கைலேஞ்சியை எடுக்கவில்லை.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த கென்னுக்கு ஒரு சீப்புக் கொடுத்தேன். சிவப்புத் தாடிக்காரன். ஞாயிறுகளில் அவன் வைக்கிங். ஆயிரம் வருடத்துக்கு முன் வடகடலில் படகோட்டிக் கொள்ளையும் வியாபாரமும் செய்த அந்த ஆட்களைப் போல உடுத்துக்கொண்டு, தச்சரும் பிளம்பரும் பள்ளிக்கூட வாத்தியும் ஒரு புல்வெளியில் கூடிச் சந்தை போடுவார்கள். அங்கே காசு செல்லாது. கையால் செய்த சாமானுக்குக் கையால் செய்த சாமான். கென் என் சீப்பைத் தாடிக்குள் விட்டு இழுத்துவிட்டு, "அடுத்த சந்தைக்கு இதையெல்லாம் கொண்டு வா மேட்" என்றான். எனக்குப் பேசுகிற அளவு இங்கிலீசு இல்லை. பேச ஆள் வேண்டும். உங்களைக் கேட்டேன்.

நீங்கள் வந்ததற்குக் காரணம் ஏணை. அக்கா ஊரில் செய்வதுபோல் சேலையில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட வேண்டும் என்றார். நீங்கள் முன்னறைக் கூரையில் கொளுக்கி அடித்தீர்கள். ஊரில் கூரை வளைமரத்தில் கட்டிய நினைப்பு உங்களுக்கு, அந்தக் கூரையோ வெறும் சுண்ணாம்புப் பூச்சு. பாரம் பார்க்க ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டீர்கள். கூரையில் பாதி இறங்கி வந்தது. அதோடு ஓர் எலிக் கூடும், கண் திறக்காத குஞ்சுகளோடு, அரிசிக்குள். உங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரன் வந்து குதித்தான். இன்னும் ஓர் ஆணி அடித்தால் எல்லாரும் தெருவில் என்றான். அன்றிலிருந்து நிலத்தில் நிற்கும் தொட்டில் ஒன்று வேண்டும் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள். வைக்கிங் சந்தையில் ஒரு பிளம்பர் தொட்டில் செதுக்குவான் என்று கென் சொன்னான். அதோடு நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள்.

அந்தப் புல்வெளி நகரத்துக்கு வடக்கே, இன்று உங்கள் மகள் வீடு கட்டியிருக்கும் பக்கம். அப்போது அங்கே செம்மறியும் முட்புல்லும் குளிர்காற்றும்தான். வாசலில் கென் இரண்டு கம்பளி அங்கிகளை எறிந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னான். உங்கள் மூக்குக் கண்ணாடியை மட்டும் மன்னித்தார்கள்.

"டேய், இது ஆரோ ஒருத்தன் வேர்த்த உடுப்படா."

"வைக்கிங் ஆக்கள் தோய்க்கமாட்டினமாம்" என்றேன்.

"அவங்கள் தோய்க்காட்டி எனக்கேன் போடுறாங்கள்?"

உள்ளே போனதும் மூச்சை அடைத்தது. பாதி பதனிட்ட தோல்கள் ஈ மொய்க்கத் தொங்கின. ஒரு முழுச் செம்மறி கம்பியில் சுழன்றது, வெளியே கரி, உள்ளே இரத்தம். ஆட்கள் அதை வெட்டிக் கையால் தின்று தாடியில் துடைத்தார்கள். குளிரில் அந்தக் கொழுப்புத் தாடியிலேயே வெள்ளையாக உறைந்து நின்றது. ஒருவன் மூக்கைச் சிந்தி, விரலை அங்கியில் துடைத்துவிட்டு, அதே கையால் உங்கள் கையைக் குலுக்கினான். அதன்பிறகு நீங்கள் அந்தக் கையை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள், யாருடைய கையையோ காவிக்கொண்டு போவதுபோல.

ஆனாலும் நீங்கள் வியாபாரி. அதைச் சொல்லத்தான் வேண்டும். சீப்பைத் தூக்கிப் பிடித்து இங்கிலீசில் என்னவோ சொன்னீர்கள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"இதால ஒருக்கா இழுத்தால் பேன் மட்டுமில்லை, பேனின்ர பூட்டனும் சேர்ந்து வருவான் எண்டன்."

ஒரு சீப்புக்குக் கம்பளிக் காலுறை, இன்னொன்றுக்கு ஒரு கத்தி. நான் செய்ததை ஆட்கள் விரலால் தடவிப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது. அப்போதுதான் அந்தத் தொட்டிலைக் கண்டோம்.

படகு போல் இருந்தது. இரண்டு முனையும் வளைந்து எழும்பி நின்றன. அடியில் வளைந்த கட்டை, விரல் பட்டால் ஆடும். நீங்கள் அந்தத் தள்ளிப் பிடித்த கையாலேயே அதைத் தொட்டீர்கள். அது ஆடி நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்களை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

தொட்டில்காரப் பிளம்பருக்குச் சந்தையில் பெயர் பியோர்ன். கதவளவு ஆள். என் பலகையில் மிச்சமிருந்த சீப்பு முழுவதையும் கேட்டான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். மூன்று மாத வேலை அது, ஆனால் தொட்டில் என்றால் தொட்டில்தான்.

அப்போது அவன் கொம்பை எடுத்தான். மாட்டுக் கொம்பு, நிறையத் தேனில் புளித்த மது. சின்னப் பண்டமாற்றுக்குக் கை குலுக்கினால் போதும். பெரிய சாமான் என்றால் கொடுப்பவன், செய்தவன், வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகிறவன் எல்லாரும் ஒரே கொம்பில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அது அவர்கள் வைத்த சட்டம். குடிக்காவிட்டால் பேச்சு முறிந்தது. முதலில் பியோர்ன், பிறகு சீப்புச் செய்தவன், கடைசியில் தொட்டிலுக்குரியவர்.

எனக்குப் பின் நீங்கள்.

நீங்கள் என்னைக் காட்டி அவனிடம் சொன்னதில் இரண்டு சொல் எனக்கு விளங்கியது. "மை போய்." கப்பலில் அதிகாரிகள் வேலைக்காரப் பையன் என்று என்னைக் கூப்பிட்ட சொல். மிச்சத்தைக் கென் அடுத்த நாள் வேலையில் மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினான். இவன் என் வேலைக்காரன், இவன் குடிக்கத் தேவையில்லை என்றீர்களாம்.

பியோர்ன் சீப்பு ஒன்றைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டான். செய்த கை யாருடையது என்று கேட்கிறான் என்பதற்கு எனக்கு இங்கிலீசு வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். நகத்துக்குள் எல்லாம் கொம்புத் தூள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொம்பை என்னிடம் தந்தான்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வேண்டுமென்றே குடித்தேன். உதடு முழுவதையும் விளிம்பில் வைத்து, பியோர்னின் தாடிக் கொழுப்பு மிதந்ததையும் பாராமல், மாடு தண்ணீர் குடிப்பதுபோல் உறிஞ்சினேன். எடுக்கும்போது ஒரு நூல் எச்சில் நீண்டு வந்து அறுந்தது. துடைக்கவில்லை. அப்படியே உங்களிடம் நீட்டினேன்.

நீங்கள் அந்த எச்சிலைப் பார்த்தீர்கள். பிறகு ஊரில் செம்பைத் தூக்குவதுபோல் கொம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றினீர்கள். கொம்பு செம்பு இல்லை. முதலில் ஒன்றும் வராது. பிறகு உள்ளே காற்றுப் போனதும் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். மூக்கு, கண்ணாடி, கழுத்து, அந்த நாறல் அங்கி எல்லாம் நனைந்து, நீங்கள் இருமித் துப்பினீர்கள். சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பியோர்ன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கேட்டதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். தன் வாய் பட்டதில் உங்களுக்கு என்ன அருவருப்பு என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெரிய மனிதனின் முகம் அடிபட்டதுபோல் இருந்தது. தன்னை ஒருவர் அசுத்தம் என்று நினைப்பது அவனுக்கு அதுதான் முதல் தரம் போல. உன் வாய் இல்லை, இவன் வாய் என்று நீங்கள் அவனுக்கு எப்படிச் சொல்வீர்கள்?

அவன் தொட்டிலைத் தன் பக்கம் இழுத்தான். கென் பரிந்து பேசினான். கடைசியாக இன்னொரு தரம் கொம்பு நிறைந்தது. இனி இன்னொரு தரம் இல்லை என்றான் பியோர்ன். முதலில் அவன் குடித்தான். கொம்பு என் கைக்கு வந்தது.

"டேய்" என்றீர்கள் மெல்ல. "வாயை வைக்காமல் வச்ச மாதிரிக் காட்டு. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தொட்டில் போகப் போகுதடா. அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

உங்கள் கண்ணாடியில் மது வடிந்தது. அதற்குப் பின்னால் கண்ணும் கலங்கியிருந்தது. தொட்டிலும் வேண்டும், என் எச்சிலும் படக்கூடாது. பிறக்காத அந்தப் பிள்ளைக்காகக்கூட உங்களால் முடியவில்லை. அதைப் பார்த்தபோது பீப்பாயின் மூடியைத் திறந்ததுபோல் எனக்குள் ஒரு நாற்றம் எழும்பியது. நான் ஒரு வாய் குடித்தேன். பிறகு சொன்னேன்.

"கையை ஏந்துங்கோ."

"என்ன?"

"வாய் படாமல் குடிக்கிற வழி உங்கட மாமா வீட்டுக் கிணத்தடியில எனக்குப் பழக்கினது. குனிஞ்சு, கையை ஏந்துங்கோ."

அந்தக் கிணற்றில் நாங்கள் அள்ளக் கூடாது. தாகமென்றால் வேலிக்கரையில் குந்தி, இரண்டு கையையும் குழித்து ஏந்த வேண்டும். உங்கள் மாமா வீட்டார் மேலே நின்று வார்ப்பார்கள். பனையோலைப் பட்டை படாது, வாளி படாது, முழங்கை வழியே பாதி நிலத்துக்குப் போகும். என் அம்மா அப்படித்தான் குடித்தார். நானும் குடித்தேன். சின்ன வயதில் விடுமுறைக்கு வந்து நின்ற நீங்களும் ஒருவேளை வார்த்திருப்பீர்கள்.

அந்தப் புல்வெளியில் இருந்தவர்களில் நான் கேட்டது என்னவென்று நம் இருவருக்கும் மட்டுமே தெரியும். நீங்கள் தொட்டிலைப் பார்த்தீர்கள். பிறகு முழங்காலை மடித்து, குனிந்து, கையை ஏந்தினீர்கள். நான் உயரத்திலிருந்து வார்த்தேன். நீங்கள் குடித்தீர்கள். முழங்கையால் வழிந்தது.

பியோர்ன் வாயைத் திறந்தபடி நின்றான். கென் என்னிடம் கேட்டான், இது என்ன என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன், எங்கள் ஊரில் இப்படித்தான் என்று. அது பொய்யில்லை.

அதன் பிறகு நடந்ததை என்னால் இன்றும் சீரணிக்க முடியவில்லை. பியோர்னின் முகம் தெளிந்தது. அவன் அதை விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிட்டான். கதவளவு மனிதன் என் முன்னால் முழங்காலில் நின்று கையை ஏந்தினான். வார்த்தேன். பிறகு கென். பிறகு அந்த மூக்குச் சிந்தியவன். பிறகு வரிசை. ஆண்களும் பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, கொழுப்புப் பிடித்த கைகளை ஏந்தி, சிரித்துக்கொண்டு குடித்தார்கள். முதல் மூன்று நாலு பேர் வரைக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஒரு கிழவி வந்து குனிந்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். கொம்பைக் கென்னிடம் கொடுத்துவிட்டு, தோல்கள் தொங்கின இடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மதுவால் என்று நினைத்தார்கள். ஓர் ஈ வந்து உட்கார்ந்த பிறகும் என்னால் அந்த இடத்தை விட்டு எழும்ப முடியவில்லை. அம்மா குனிந்த முதுகு அங்கே விளையாட்டாகிவிட்டது. விளையாட்டாக்கியவன் நான்தான்.

பிறகு கென் சொன்னான், அடுத்த சந்தையில் அதையே சட்டமாக்கிவிட்டார்களாம். பெரிய பேச்சு முடிந்தால் கையில் வார்த்துக் குடிப்பதாம்.

ரயிலில் தொட்டில் நம் இருவருக்கும் நடுவில் இருந்தது. ரயில் அசைய அது ஆடியது. இறங்கும்போது, "அவளிட்டச் சொல்லாதை" என்றீர்கள்.

"எதை?"

"நான் நனைஞ்சதை மட்டும் சொல்லுவம்."

அப்படியே சொன்னோம். நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொன்னோம். பிறந்தநாள், கலியாண வீடு, புதுவீடு குடிபூரல் எல்லாவற்றிலும் நீங்கள் எழும்பி நின்று அண்ணாந்து காட்டுவீர்கள், கொம்பு கொட்டும், எல்லாரும் விழுந்து சிரிப்பார்கள். "கேட்டுப் பாருங்கோ, உவனும் நிண்டவன்" என்று என்னைக் காட்டுவீர்கள். நான் "ஓம், ஓம்" என்பேன். கதை அங்கே முடிந்துவிடும்.

சந்தைக்கு அடுத்த நாள் காலையில் என் குவளை வெளி ஆணியில் இல்லை. குசினிக்குள் இருந்தது. உங்கள் கோப்பைகளோடு இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஆணியில். புது ஆணி. வீட்டுக்காரன் திட்டுவான் என்று தெரிந்தும் அடித்திருந்தீர்கள். கதவுக்கு வெளியிலிருந்து உள்ளே அரை அடி. உங்களால் அவ்வளவுதான் முடிந்தது. நான் அந்தக் குவளையில் தேத்தண்ணி ஊற்றினேன். அந்த அரை அடிக்கு நன்றி சொல்ல வேண்டுமா, காறித் துப்ப வேண்டுமா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அந்தத் தொட்டிலில் வளர்ந்தவள்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் என் கையைப் பிடிக்காமல், வயதுக்கு மரியாதையாக எட்ட நின்று, "அங்கிள், இன்னும் கொஞ்சம் வளைச்சு எழுதுங்கோ" என்கிறாள். தன் பிள்ளைகளையும் அதிலேயே போட்டு வளர்த்தாள். வகுப்பில் இடைவேளைக்குத் தேத்தண்ணி போட்டால் கைக்கு வந்த கோப்பையைத் தருவாள். ஒருநாள் அவசரத்தில் என் கோப்பையிலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சீனி காணாது" என்று திருப்பித் தந்தாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. நான் அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டிலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. இந்தச் சனிக்கிழமை தெரியவரும். கொப்பியைக் கொடுக்கத்தான் போகிறேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பால் சுழிக்கட்டும்.

இனி மிச்சமிருப்பது ஒன்றுதான். அதை எழுதத்தான் இத்தனை பக்கம் தயங்கினேன்.

உங்களை மல்கிரேவில் முதியோர் இல்லத்தில் வைத்திருந்தபோது நான் கடைசியாக வந்த நாள். நல்ல வெயில். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி, தரிப்பிலிருந்து நடந்து வந்தேன். நீங்கள் சாய்கதிரையில் இருந்தீர்கள். கையில் மூக்கு வைத்த பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர். என்னைக் கண்டதும் உங்கள் முகத்தில் பாதி சிரித்தது, மற்றப் பாதி வாதத்தில் கிடந்தது.

"நடந்தே வந்தனீ?"

"ஓம், தரிப்பிலயிருந்து."

நீங்கள் கோப்பையை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினீர்கள். கோணிய வாயிலிருந்து அது திரும்பக் கோப்பைக்குள் வழிந்தது. மத்தியானச் சூப்பின் துண்டு ஒன்று மிதந்தது. பிறகு அந்தக் கோப்பையை என்னிடம் நீட்டினீர்கள்.

"குடி" என்றீர்கள். "நீ களைச்சுப் போனாய்."

ஞாபகம் தடுமாறிச் செய்தீர்களா, நினைத்துச் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. கண் தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் கொழகொழப்பு, அந்தத் துண்டு, விளிம்பில் ஒட்டியிருந்த எச்சில். என் முகம் என்னைக் கேளாமலே சுளித்துவிட்டது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் கண்ணும் கூர்மையானது.

உங்களுடைய அருவருப்பும் என்னுடையதும் ஒன்றில்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நோயாளியின் எச்சிலைக் கண்டு சுளிப்பது ஒன்று, ஒருவன் இன்னாருடைய மகன் என்று கேட்டுவிட்டுக் கோப்பையைத் திரும்ப வைப்பது வேறொன்று. ஆனால் சுளித்த முகம் பார்ப்பவருக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

"வேண்டாம்" என்றேன். "தாகமில்லை."

நீங்கள் கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தீர்கள். பிறகு கோப்பையைத் தட்டில் வைத்து, யன்னல் பக்கம் திரும்பினீர்கள். அடுத்த கிழமை போய்விட்டீர்கள்.

இப்போது எழுதத் தெரியும். யாருக்கும் சொல்லாததை எழுதலாம். அன்று நான் சொன்னது பொய். எனக்கு நல்ல தாகம்.